பவுல் மறந்ததும் ஆவியானவர் விட்டுவைத்ததும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கத்தில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சிற்றாலயத்தில், ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபத்தை ஆளுக்கொரு வசனமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். தரம் ஒன்பதில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு முதலாம் அதிகாரத்தின் பதினாறாம் வசனம் வந்தது. “ஸ்தேவானுடைய வீட்டாருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுத்ததுண்டு. இதுவுமல்லாமல் இன்னும் வேறு யாருக்காவது நான் ஞானஸ்நானம் கொடுத்தேனோ என்று அறியேன்” என்று வாசித்து முடித்தவள் உட்காரவில்லை.

“சேர், வேதத்துல உள்ள ஒவ்வொரு வார்த்தையும் ஆவியானவர் சொல்லச் சொல்ல எழுதுனதுன்னு போன கிழமை சொன்னீங்க. பவுல் மறந்துட்டாருன்னா, ஆவியானவரும் மறந்துட்டாரா?”

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பவுலும் மனுஷன்தானே என்று ஏதோ சொல்லி அடுத்த வசனத்துக்குப் போய்விட்டேன். அந்தப் பதில் பதிலே அல்ல என்பது ஆலயத்தைப் பூட்டிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கும்போதே எனக்குத் தெரிந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஒருவன், நேர்மையாகக் கேட்கப்பட்ட ஒரு கேள்வியைத் தாண்டிப் போனது தவறு. அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை நிதானமாக யோசித்து இங்கே எழுதுகிறேன். வேதம் தேவனால் அருளப்பட்டது என்பதை நான் முழு மனதோடு நம்புகிறேன். முந்தின வாரம் அந்த அருளுதலை நான் விளக்கிய விதம்தான் பிழையானது.

முதலில் அந்தச் சொல்லைப் பார்க்க வேண்டும். “வேதவாக்கியங்களெல்லாம் தேவஆவியினால் அருளப்பட்டிருக்கிறது” என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கும் 2 தீமோத்தேயு 3:16இல், கிரேக்க மூலத்தில் ‘தெயோப்னெவுஸ்தொஸ்’ என்ற ஒரே சொல் நிற்கிறது. தேவன் என்ற சொல்லும் ஊதுதல், சுவாசித்தல் என்ற சொல்லும் சேர்ந்து உண்டானது அது. புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்த ஓர் இடத்தில் மட்டுமே வருகிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு அதே இடத்தில் கடவுளின் ‘தூண்டுதல்’ என்கிறது. அருளுதல், தூண்டுதல் ஆகிய இரண்டும் நல்ல சொற்களே. ஆனால் தூண்டுதல் என்றவுடன் எழுதியவருடைய உள்ளத்துக்குள் ஏதோ கிளர்ந்தது என்றே நினைக்கத் தோன்றும். பவுலோ எழுதியவருடைய உள்ளத்தைப் பற்றி அந்த இடத்தில் எதுவும் சொல்லவில்லை. எழுதப்பட்டதை, ஏட்டில் இருக்கும் வாக்கியத்தைத்தான், தேவனுடைய சுவாசம் என்கிறார். ஆதியாகமத்தில் மண்ணால் உருவாக்கப்பட்ட மனுஷனுடைய நாசியிலே தேவன் ஜீவசுவாசத்தை ஊதினார் என்று வாசிக்கிறோம். சுவாசம் வந்த பிறகும் அவன் மண்ணால் ஆனவனாகவே இருந்தான், ஆனாலும் ஜீவாத்துமாவானான். வேதத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வசனம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

இரண்டாவது, 2 பேதுரு 1:21. “தேவனுடைய பரிசுத்த மனுஷர்கள் பரிசுத்த ஆவியினாலே ஏவப்பட்டுப் பேசினார்கள்” என்பதில் ‘ஏவப்பட்டு’ என்று மொழிபெயர்க்கப்பட்ட கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் ‘சுமந்து கொண்டுபோகப்பட்டு’ என்பதாகும். அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில் பவுல் சென்ற கப்பல் பெருங்காற்றில் அகப்பட்டு அது கொண்டுபோன போக்கில் போனதாக வரும் இடத்திலும் இதே வினைதான் இருக்கிறது. அந்தக் கப்பலில் இருந்தவர்கள் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. கயிறு கட்டினார்கள், சரக்கைக் கடலில் எறிந்தார்கள், ஆழம் பார்த்தார்கள். கப்பல் போகும் திசையைக் காற்று தீர்மானித்தது; கப்பலுக்குள் மனிதர்கள் தங்கள் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

சொல்லச் சொல்ல எழுதிய இடங்கள் வேதத்தில் இல்லையா என்றால், இருக்கின்றன. எரேமியாவின் வாய் சொல்லப் பாருக்கு மையினால் சுருளில் எழுதினான். அந்தச் சுருளை யோயாக்கீம் ராஜா குளிர்காய மூட்டிய நெருப்பில் கத்தியால் அறுத்து அறுத்துப் போட்டு எரித்தபோது, இருவரும் மறுபடியும் உட்கார்ந்து எழுதினார்கள். இரண்டாவது சுருளில் முன்பு இல்லாத வார்த்தைகளும் சேர்ந்தன. ஆசியாவின் ஏழு சபைகளுக்கு யோவான் எழுதியவையும் அவ்விதமாகக் கேட்டு எழுதியவைதான். ஆனால் லூக்காவைப் பாருங்கள். அவர் தரிசனம் எதையும் சொல்லிக்கொண்டு தொடங்கவில்லை. தமக்கு முன்பே அநேகர் எழுத முயன்றிருக்கிறார்கள், கண்ணாரக் கண்டவர்கள் ஒப்புவித்திருக்கிறார்கள், “ஆதிமுதல் எல்லாவற்றையும் திட்டமாய் விசாரித்தறிந்த நானும்” ஒழுங்காய் எழுதுகிறேன் என்று மகா கனம்பொருந்திய தெயோப்பிலுவுக்குச் சொல்லித் தொடங்குகிறார். வீடுவீடாகப் போய் விசாரித்து, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒப்பிட்டு, முன்பின் வரிசை பார்த்து எழுதிய உழைப்பு அது. அந்த உழைப்பின் வழியாகவே ஆவியானவர் செயற்பட்டார் என்றுதான் சபை நம்புகிறது.

இந்த இடத்தில் என் அப்பாயியை, அப்பாவின் அம்மாவை, பற்றிச் சொல்ல வேண்டும்.

இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரைப் பற்றி இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் கையெழுத்தானது. அதன்படி இந்தியாவுக்குப் போக வேண்டியவர்கள் என்று முடிவான குடும்பங்களில் என் அத்தையின் குடும்பமும் ஒன்று. தலைமன்னாரில் கப்பலேறிப் போய் நீலகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அவர்கள் குடியேறினார்கள். அப்பாயி எங்களோடு லயத்திலேயே, தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டிலேயே, தங்கிவிட்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்குப் பதினொரு வயது நடந்தபோது, அதுவரை கடிதம் எழுதிக் கொடுத்துவந்த உபதேசியார் மாறிப் போனதால், அந்த வேலை என்னிடம் வந்தது. மாதத்துக்கு ஒரு நீல நிற ஏரோகிராம் தாள். இரவு அடுப்படியில் குப்பிலாம்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதுவோம்.

சில வரிகளை அப்பாயி அப்படியே சொல்லுவார். ஒரு சொல்லையும் மாற்ற விடமாட்டார். “கறவ மாடு செத்துப்போச்சு, அதுக்காக நீ அழுவாத” என்பது அப்படி வந்த வரி. சில வேளைகளில், “மழ விடாம பேயுது, பெரட்டுக்குப் போறவங்க படுற பாட்ட எழுது, நீதான் பள்ளிக்கொடத்துல படிக்கிறியே” என்று சொல்லிவிட்டுக் கொழுந்துக் கூடையின் கயிற்றைச் சீர்செய்யத் தொடங்கிவிடுவார். அப்போது நான் என் பாடப்புத்தகத் தமிழில், எனக்குத் தெரிந்த அளவில், எழுதுவேன். எழுதி முடிந்ததும் தொடக்கத்திலிருந்து வாசிக்கச் சொல்லுவார். தாம் நினைத்தது வராத இடத்தில் நிறுத்தி, இல்லை என்பார். வந்த இடத்தில் தலையசைப்பார். முழுவதும் வாசித்துக் கேட்ட பின்புதான் ஒட்டச் சொல்லுவார். பல ஆண்டுகளுக்குப் பிறகு நான் நீலகிரிக்குப் போனபோது, அத்தை அந்தத் தாள்களை ஒரு தகரப்பெட்டியில் இருந்து எடுத்துக் காட்டி, ஒவ்வொன்றிலும் தன் அம்மாவின் குரலைக் கேட்டதாகச் சொன்னார். அவற்றில் பாதி வாக்கியங்கள் நான் அமைத்தவை. எழுத்துப் பிழைகளும் என்னுடையவையே. அத்தை சொன்னதும் மெய்தான். கடிதம் முழுவதும் அப்பாயியுடையது. முழுவதும் நான் எழுதியது. இவ்வளவு பங்கு அவருடையது, இவ்வளவு என்னுடையது என்று அதைக் கூறுபோட முடியாது.

இந்த ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. அப்பாயிக்கு என் மனதுக்குள் நுழைய முடியாது. நான் என்ன படித்திருக்கிறேன், எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுப்பேன் என்பவற்றை அவர் முன்கூட்டியே அமைக்கவில்லை. தேவனோ எரேமியாவைத் தாயின் வயிற்றில் உருவாக்குமுன்னே அறிந்திருந்ததாகச் சொல்லுகிறார். மேய்ப்பனாக இருந்த ஆமோசின் பேச்சில் ஆடும் சிங்கமும் வருவதற்கும், கமாலியேலிடம் படித்த பவுலின் பேச்சில் நீண்ட தர்க்கம் வருவதற்கும், அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையே காரணம்; அந்த வாழ்க்கையும் அவருடைய கையில்தான் இருந்தது. எனவே என்னிடமிருந்து அப்பாயிக்குக் கிடைத்ததைவிட அந்த எழுத்தாளர்களிடமிருந்து தேவனுக்குக் கிடைத்தது அதிகம்.

சபை வரலாற்றிலும் இந்தக் கேள்வி பழையது. இரண்டாம் நூற்றாண்டில் அத்தேனகோரஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், புல்லாங்குழல் வாசிப்பவன் குழலில் ஊதுவதுபோல ஆவியானவர் தீர்க்கதரிசிகளைப் பயன்படுத்தினார் என்று எழுதினார். கேட்பதற்கு அழகான உவமை; ஆனால் குழலுக்கு மனம் இல்லை. அதே நூற்றாண்டில் மொந்தானுஸ் என்பவர் மனிதன் ஒரு யாழ், தேவன் அதை மீட்டுகிறார், மனிதன் உறங்குகிறான் என்ற வகையில் தீர்க்கதரிசனம் சொன்னபோது, தன்னினைவு இழந்து பேசுவது வேதத்துத் தீர்க்கதரிசிகளின் வழி அல்ல என்று சபை அவரை மறுத்தது. நான்காம் நூற்றாண்டின் புகழ்பெற்ற பிரசங்கியாரான கிறிசோஸ்தோம், தேவன் நம் அளவுக்கு இறங்கிவந்து பேசுவதை வேதம் முழுவதிலும் கண்டு வியந்தார். பதினாறாம் நூற்றாண்டில் சபைச் சீர்திருத்தவாதியான கல்வின், தாதி குழந்தையோடு மழலை பேசுவதுபோல தேவன் நம்மோடு பேசுகிறார் என்றார். லயத்து வாசலில் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பேசும் எந்தப் பாட்டிக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

நம் காலத்துக்கு வந்தால், ஒருவருக்கொருவர் அதிகம் ஒத்துப்போகாத இரண்டு தரப்பினர் இந்த ஒன்றில் அருகருகே நிற்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, கடவுள் தெரிந்துகொண்ட மனிதர்கள் தங்கள் ஆற்றல்களையும் திறமைகளையும் பயன்படுத்தி மெய்யான ஆசிரியர்களாகவே எழுதினார்கள் என்கிறது. வேதத்தில் பிழையே இல்லை என்று உறுதியாக நிற்கும் சுவிசேஷ சபையினர் 1978இல் சிக்காகோவில் கூடி வெளியிட்ட அறிக்கையும், தேவன் எழுத்தாளர்களுடைய ஆளுமையை ஒதுக்கித் தள்ளவில்லை என்று சொல்லுகிறது. அது நிகழ்ந்த விதம் பெரும்பாலும் நமக்கு மறைபொருளாகவே இருக்கிறது என்பதையும் அந்த அறிக்கை ஒப்புக்கொள்கிறது. எங்கள் தோட்டத்தில் கத்தோலிக்கக் கோயிலும் எங்கள் ஆலயமும், சமீபத்தில் தொடங்கிய பெந்தெகொஸ்தே ஜெபவீடும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. இந்த ஒற்றுமையை நாங்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டால் நல்லது என்று நினைக்கிறேன்.

அந்தச் சிறுமி கேட்காத, ஆனால் எங்கள் பெரியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் எழுதப்பட்டது தேவசுவாசம் என்றால், என் கையில் இருக்கும் தமிழ் வேதம் என்ன? 1854இல் கோப்பித் தோட்டங்களில் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது, திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் லயங்களில் தமிழ் வேதத்தைத்தான் வாசித்துக் காட்டினார்கள். மிஷனரியான சீகன்பால்கு தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சில் முடித்தார். கொழும்பில் பிலிப்பு டி மெல்லோவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்தில் மிஷனரியான பீட்டர் பெர்சிவல் நடத்திய மொழிபெயர்ப்பில், பின்னாளில் சைவத்துக்காகவே வாழ்ந்த ஆறுமுக நாவலர் உழைத்தார். நம் வீடுகளில் இன்றும் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பு, ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு செய்து 1871இல் வெளிவந்தது. இவ்வளவு கைகள் பட்டதால் அதன் மதிப்புக் குறைந்துவிட்டது என்று சிலர் பயப்படுகிறார்கள். அவர்களுக்கு நான் ஒன்றைக் காட்டுவேன். புதிய ஏற்பாட்டை எழுதியவர்கள் பழைய ஏற்பாட்டை மேற்கோள் காட்டும்போது மிகப் பல இடங்களில் எபிரெய மூலத்தை அல்லாமல் கிரேக்க மொழிபெயர்ப்பையே எடுத்து, வேதம் சொல்லுகிறது என்று கூசாமல் எழுதினார்கள். மொழிபெயர்ப்பில் தேவன் பேசுவார் என்பதற்கு அதைவிட எனக்கு வேறு சாட்சி தேவையில்லை. திருத்தம் வேண்டிய இடத்தில் திருத்துவதும் அதனாலேயே கடமையாகிறது. ஊரிலிருந்து வந்த கடிதத்தில் ஒரு சொல் மங்கியிருந்தால், அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

‘எல்லாம்’ என்ற சொல்லை நான் இதுவரை தொடவில்லை. வேதவாக்கியங்கள் எல்லாம் அருளப்பட்டவை என்பதை எங்கள் மலைநாட்டில் நினைவில் வைத்திருக்கச் சிறப்பான காரணம் உண்டு. என் சிறுவயதில் ஒரு பிரசங்கியார், அவர் பெயர் இங்கே வேண்டாம், வேலைநிறுத்தம் நடந்த நாட்களில் வந்து, “வேலைக்காரரே, உங்கள் எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள்” என்ற எபேசியர் வசனத்தை எடுத்து, இது தேவனுடைய வார்த்தை, இதற்கு மறுபேச்சு இல்லை என்று பேசிவிட்டுப் போனார். நான்கு வசனம் தள்ளி, எஜமான்களே பயமுறுத்தலை விட்டுவிடுங்கள் என்று இருப்பதை அவர் வாசிக்கவில்லை. யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தையும் திறக்கவில்லை. “இதோ, உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது” என்று அங்கே எழுதியிருக்கிறது. கொழுந்து நிறை குறைந்ததென்று அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி, போடப்பட்டு மலையிறங்கிய பெண்கள் அன்று முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். கூலி கூக்குரலிடுகிறது என்ற வாக்கியமும் தேவனுடைய சுவாசம்தான் என்று அவர்களுக்குச் சொல்ல அன்று யாரும் இல்லை. தேவ அருளுதலைப் பற்றிய உபதேசத்தை ஒருவர் கையில் எடுத்தால், தமக்கு வசதியான வசனத்தோடு அவர் நிறுத்திக்கொள்ள முடியாது. ‘எல்லாம்’ என்ற சொல் அவரை விடாது. இதை நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் கொதிக்கிறது.

சிறுமியின் கேள்விக்குத் திரும்புகிறேன். அந்த வாரம் முழுவதும் நிருபத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பல முறை வாசித்தேன். கடைசி அதிகாரத்தில் இரண்டு இடங்கள், எத்தனையோ முறை கடந்து போனவை, இந்த முறை என்னை நிறுத்தின. “பவுலாகிய நான் என் கையால் எழுதி உங்களை வாழ்த்துகிறேன்” என்று முடிவில் வருகிறது. அப்படியானால் அதுவரையில் எழுதியது வேறொருவருடைய கை. ரோமர் நிருபத்தை எழுதிய தெர்தியு தன் பெயரைச் சொல்லி வாழ்த்துகிறான்; கொரிந்தியர் நிருபத்தை எழுதியவன் தன் பெயரைச் சொல்லவில்லை. அதற்குச் சற்று மேலே, ஸ்தேவானும் பொர்த்துனாத்தும் அகாயுக்கும் தம்மிடம் வந்ததற்காகச் சந்தோஷப்படுகிறேன் என்று பவுல் சொல்லுகிறார். நிருபம் சொல்லப்பட்ட நாட்களில் ஸ்தேவான் எபேசுவில் பவுலோடு இருந்திருக்கிறான்.

கிறிஸ்புவுக்கும் காயுவுக்கும் தவிர வேறு ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்று பவுல் சொல்ல, எழுதுபவன் எழுதிவிட்டான். அதற்குப் பிறகுதான் ஸ்தேவானின் வீட்டார் நினைவுக்கு வந்தார்கள். ஸ்தேவானே பக்கத்தில் உட்கார்ந்திருந்து, என் வீட்டாரை மறந்துவிட்டீரே என்று கேட்டிருப்பானோ என்று எனக்குத் தோன்றுகிறது. வேதம் அதைச் சொல்லவில்லை. இது என் ஊகம் மட்டுமே. ஆனால் பவுல் எழுதியதை அழிக்கச் சொல்லவில்லை, தாளை மாற்றவும் சொல்லவில்லை. மறந்ததை ஒப்புக்கொண்டு அடுத்த வாக்கியத்தில் சேர்த்தார். எங்கள் ஏரோகிராம் தாளிலும் அப்படி நடக்கும். மாதத்துக்கு ஒரு தாள்தான் என்பதால் திருத்தி எழுத இடமில்லை. “அடியே, சின்னவளுக்குக் காது குத்துனத சொல்ல மறந்துட்டேன்” என்று அப்பாயி நினைவுபடுத்திக்கொண்டால், அந்த மறதியோடு சேர்த்துத்தான் எழுதுவேன்.

ஆவியானவர் மறக்கவில்லை. ஒரு மனிதன் மறந்ததையும், மறந்ததை மறைக்காமல் சொன்னதையும் அப்படியே நிற்கும்படி விட்டுவைத்தார். யார் யாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் என்று எண்ணிப் பெருமை பாராட்டுகிறவர்களைக் கடிந்துகொள்ளும் இடத்தில், அந்தக் கணக்கையே சரியாக வைத்துக்கொள்ளாத ஓர் அப்போஸ்தலனைக் காட்டுவதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. அந்தப் பகுதியில் பவுல் சொல்ல வந்த செய்திக்கு அவருடைய மறதியே துணைநிற்கிறது.

அடுத்த ஞாயிறு, முதலில் பிள்ளைகளிடம் என் முந்தின விளக்கம் பிழையென்று சொன்னேன். பிறகு தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தை அந்தச் சிறுமியையே வாசிக்கச் சொன்னேன். வேதவாக்கியங்களெல்லாம் தேவஆவியினால் அருளப்பட்டவை என்று எழுதிய அதே நிருபத்தில், ஒரு பக்கம் தள்ளி, துரோவாவில் கார்ப்பு என்பவனிடம் விட்டுவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் தோற்சுருள்களையும் கொண்டுவா, மாரிகாலத்துக்குமுன்னே வந்து சேரப் பார் என்று சிறையிலிருக்கும் பவுல் கேட்கிறார். வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. பிள்ளைகளில் பாதிப்பேர் அம்மாவின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தார்கள். குளிர் என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

பிறகு கொரிந்தியர் நிருபத்தின் இரண்டு ஓரங்களையும் திறந்து காட்டினேன். அவள் முதலாம் அதிகாரத்தில் ஒரு விரலையும் பதினாறாம் அதிகாரத்தில் ஒரு விரலையும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப ஸ்தேவான் பக்கத்துலயே இருந்தாரா, சேர்?”

இருந்திருக்கலாம் என்றேன். பென்சிலை எடுத்து, ஸ்தேவானின் பெயருக்குப் பக்கத்தில் 16:17 என்று சிறியதாக எழுதிக்கொண்டாள். பிறகு, எழுதினவனின் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கினாள்.